நாள்படியா, டிரிப் காசா? லோரி ஓட்டுநர் பார்க்க வேண்டிய சம்பளக் கணக்கு



லோரி ஓட்டுநருக்கு எந்தச் சம்பள முறை நல்லது என்பதுதான் இன்று நாம் பேசவிருக்கும் செய்தி. ஓடிய ஓட்டத்துக்கு மட்டும் காசு வாங்குவதா? அல்லது அதில் ஒரு பகுதியை நாள்படியாக, அலவன்ஸாக வாங்கிக்கொள்வதா? கேட்பதற்குச் சிறிய கேள்விதான். ஆனால், அதற்கு இன்று நாம் சொல்லும் பதில், 55 வயதில் ஊழியர் சேமநிதிக் கணக்கைத் திறந்து பார்க்கும்போது எவ்வளவு இருக்கும் என்பதை முடிவு செய்துவிடுகிறது. விபத்து நேர்ந்தால் வீட்டுக்கு எவ்வளவு வரும் என்பதையும் அதுதான் முடிவு செய்கிறது.

ஜொகூரில் இந்தக் கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. பாசிர் கூடாங்கில் 1977ஆம் ஆண்டு முதல் துறைமுகம் இயங்குகிறது. சிங்கப்பூருக்கான இரண்டாவது இணைப்புப் பாலம் 1998ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. தஞ்சோங் பெலாப்பாஸ் துறைமுகம் 2000ஆம் ஆண்டில் அதிகாரப்பூர்வமாகத் திறப்புவிழா கண்டது. இவற்றுக்கிடையே இரவு பகலாகக் கொள்கலன் லோரிகள் ஓடுகின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வெளியேறிய நம் பிள்ளைகளில் பலருக்குச் சோறு போட்டது இந்த லோரித் தொழில். மாசாய், உலு திராம், ஸ்கூடாய், கூலாய் என்று எந்த வட்டாரத்தை எடுத்துக்கொண்டாலும் லோரி ஓட்டுநர் இல்லாத தாமான் இல்லை எனலாம்.

பெயர்கள் மூன்று, பணம் ஒன்று

ஓட்டுநரின் மாத வருமானம் பொதுவாக மூன்று வழிகளில் வருகிறது. முதலாவது அடிப்படைச் சம்பளம். இரண்டாவது டிரிப் காசு. எத்தனை நடை ஓடினோம், எவ்வளவு தூரம் ஓடினோம் என்பதைப் பொறுத்து இது கூடும், குறையும். மூன்றாவது நாள்படி. வெளியூர் போகிற நாளுக்குச் சாப்பாட்டுச் செலவு, தங்கும் செலவு என்று தருவது இது.

இந்த மூன்றும் ஒரே வங்கிக் கணக்கில், ஒரே நாளில் விழுவதால் எல்லாம் ஒன்றுதான் என்று நாம் நினைத்துவிடுகிறோம். “மொத்தம் எவ்வளவு?” என்று மட்டும்தான் கேட்கிறோம். சட்டமோ இந்த மூன்றையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, செய்த வேலைக்காக ரொக்கமாகத் தரப்படும் அடிப்படைச் சம்பளமும் மற்ற எல்லாத் தொகைகளும் சம்பளம்தான். ஆனால், பயணப்படி அதில் சேராது. வேலையின் தன்மையால் ஊழியருக்கு ஏற்படும் சிறப்புச் செலவை ஈடுகட்டத் தரும் பணமும் சேராது. ஆண்டு போனஸும் சேராது. சொக்சோ சட்டமும் பயணப்படியையும் சிறப்புச் செலவுப் பணத்தையும் இவ்வாறே விலக்கி வைக்கிறது.

ஊழியர் சேமநிதிச் சட்டத்தில் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே பயணப்படிக்கு விலக்கு இருக்கிறது. ஓவர்டைம் பணத்துக்கும் விலக்கு இருக்கிறது. ஆனால், அலவன்ஸ் என்று பெயர் வைத்த எல்லாவற்றுக்கும் விலக்கு இல்லை. பொதுவாக அலவன்ஸும், கமிஷனும், ஊக்கத்தொகையும் சந்தா கட்ட வேண்டிய சம்பளமாகவே கருதப்படுகின்றன. ஆகவே, “இது அலவன்ஸ், இதற்குச் சேமநிதி கிடையாது” என்று யாராவது சொன்னால், அதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

இங்கே நாம் மனத்தில் நிறுத்த வேண்டிய அளவுகோல் ஒன்றுதான். அந்தப் பணம் எதற்காகத் தரப்படுகிறது? ஓட்டிய வேலைக்காகத் தரப்பட்டால் அது சம்பளம். கையிலிருந்து போன செலவுக்காகத் தரப்பட்டால் அது படி. கிளந்தானுக்குச் சரக்கு ஏற்றிப் போய், இரண்டு இரவு வெளியே தங்கி, மூன்று வேளையும் கடையில் சாப்பிடும் ஓட்டுநருக்குத் தரும் நாள்படி உண்மையான படி. அதைக் குறை சொல்ல முடியாது. பாசிர் கூடாங்குக்கும் தஞ்சோங் பெலாப்பாஸுக்கும் இடையே ஓடிவிட்டு, இரவு வீட்டுக்கு வந்து படுக்கிற ஓட்டுநருக்கு மாதம் 24 நாளும் ‘பயணப்படி’ என்று எழுதினால், அது டிரிப் காசு வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது என்றுதான் பொருள்.

இரண்டு ஓட்டுநர்கள், ஒரே வருமானம்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது விளக்கத்துக்காகப் போடும் கணக்கு. இரண்டு ஓட்டுநர்கள். இருவருக்கும் மாதம் மொத்தம் 3,800 வெள்ளி.

முதல்வருக்கு அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளி. டிரிப் காசு 2,100 வெள்ளி. இரண்டும் சம்பளமாகவே எழுதப்படுகின்றன.

இரண்டாமவருக்கும் அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளிதான். டிரிப் காசு 900 வெள்ளி. மீதி 1,200 வெள்ளி, நாளுக்கு 50 வெள்ளி வீதம் 24 நாளுக்குப் பயணப்படி என்று எழுதப்படுகிறது. அதற்குச் சந்தா கட்டப்படுவதில்லை.

5,000 வெள்ளி வரை சம்பளம் வாங்கும் மலேசியருக்குச் சேமநிதியில் ஊழியர் பங்கு 11 விழுக்காடு, முதலாளி பங்கு 13 விழுக்காடு. முதல் ஓட்டுநரின் 3,800 வெள்ளிக்கு அவர் பங்கு 418 வெள்ளி, முதலாளி பங்கு 494 வெள்ளி. மொத்தம் 912 வெள்ளி. இரண்டாமவருக்கு 2,600 வெள்ளிக்கு மட்டும்தான் சந்தா. அவர் பங்கு 286 வெள்ளி, முதலாளி பங்கு 338 வெள்ளி. மொத்தம் 624 வெள்ளி.

இப்போது வேறுபாட்டைப் பாருங்கள். இரண்டாமவர் கையில் மாதம் 132 வெள்ளி கூடுதலாக நிற்கிறது. அது அவருக்குப் பிடித்திருக்கிறது. ஆனால், அவருடைய சேமநிதியில் மாதம் 288 வெள்ளி குறைகிறது. இடையில் உள்ள 156 வெள்ளி எங்கே போனது? அது முதலாளி கட்டாமல் மிச்சப்படுத்திய பணம். 132 வெள்ளியைக் கையில் வாங்கிக்கொண்டு 288 வெள்ளியை விட்டுக்கொடுக்கும் வியாபாரம் இது.

மாதம் 288 வெள்ளி என்பது ஆண்டுக்கு 3,456 வெள்ளி. 20 ஆண்டுகளுக்கு, லாப ஈவு எதுவும் சேர்க்காமலே, 69,120 வெள்ளி. சேமநிதி வாரியம் 2024ஆம் ஆண்டுக்கு 6.30 விழுக்காடு லாப ஈவு அறிவித்தது. நாம் அவ்வளவு கூடப் போடவேண்டாம். ஆண்டுக்கு 5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டாலே 20 ஆண்டுகளில் அது ஏறத்தாழ 114,000 வெள்ளியாகிறது.

தோட்டத்தில் பால்மரம் வெட்டிய நம் பெற்றோரில் பலருக்கு, வேலையை விட்டு வெளியே வந்தபோது கையில் இருந்த ஒரே பெரிய தொகை சேமநிதிப் பணம்தான். அதை வைத்துத்தான் மலிவுவிலை வீட்டுக்கு முன்பணம் கட்டினார்கள். அதை வைத்துத்தான் பிள்ளைக்குக் கல்யாணம் செய்தார்கள். அவர்களைவிடக் கூடுதலாகச் சம்பாதிக்கும் நாம், அவர்களைவிடக் குறைவாகச் சேர்த்துவைத்துவிட்டுப் போகக் கூடாது.

அடிபட்டால் தெரியும் அருமை

சேமநிதியாவது பிறகு வரும் கதை. சொக்சோ நாளைக்கே தேவைப்படலாம்.

வேலையின்போது விபத்து நேர்ந்து ஓட்டுநர் வீட்டில் கிடக்க நேரிட்டால், சொக்சோ தரும் தற்காலிக முடத்தன்மை உதவித்தொகை, சந்தா கட்டிய சம்பளத்தின் நாள் சராசரியில் 80 விழுக்காடு. நம் முதல் ஓட்டுநருக்கு அது நாளுக்குச் சுமார் 100 வெள்ளி. இரண்டாமவருக்குச் சுமார் 70 வெள்ளி. ஒரே சாலை, ஒரே விபத்து, ஒரே எலும்பு முறிவு. ஆனாலும் நாளுக்கு 30 வெள்ளி வேறுபாடு.

ஓட்டுநர் உயிரிழந்தால் குடும்பத்துக்குச் செல்லும் சார்ந்தோர் உதவித்தொகையும் அந்தச் சராசரியை வைத்தே கணக்கிடப்படுகிறது. அதில் 90 விழுக்காடு. அதை ஐந்து பங்காக்கி, மூன்று பங்கு மனைவிக்கும் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கும் போகும். படி என்று எழுதிய பணம் அந்தக் கணக்கில் ஏறாது. சம்பளச் சீட்டில் போட்ட ஒரு சொல், கணவனை இழந்த பெண்ணின் மாதச் செலவில் போய்க் கைவைக்கிறது.

ஆட்குறைப்பு வந்தாலும் இதே கதைதான். ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு, வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 20 நாள் சம்பளம் இழப்பீடாகத் தரவேண்டும் என்கிறது 1980ஆம் ஆண்டு விதிமுறை. கடைசி 12 மாதச் சம்பளத்தின் சராசரியை வைத்து நாள் கணக்குப் பார்க்கப்படுகிறது. 12 ஆண்டு வேலை செய்தவர்களாக நம் இருவரையும் வைத்துக்கொண்டால், முதல்வருக்குச் சுமார் 30,000 வெள்ளி. இரண்டாமவருக்குச் சுமார் 20,500 வெள்ளி.

எம்.சி. நாளையும் மறந்துவிடாதீர்கள். வெறும் 1,700 வெள்ளியைத்தான் சம்பளமாகக் கணக்கில் எடுத்தால், 26ஆல் வகுக்கும்போது ஒரு நாளுக்கு 65 வெள்ளிதான் வரும். இதனாலேயே பலர் காய்ச்சலோடு லோரியில் ஏறுகிறார்கள். அது அவருக்கும் ஆபத்து, எதிரே வருகிறவருக்கும் ஆபத்து.

அமெரிக்காவைப் பார்த்து நாம் ஏமாற வேண்டாம்

“அமெரிக்காவில் ஓட்டுநர்களே நாள்படி கேட்டு வாங்குகிறார்களே!” என்று சிலர் சொல்வதுண்டு. அது உண்மைதான். ஆனால், அங்கே காரணம் வேறு.

அமெரிக்காவில் நெடுந்தூர ஓட்டுநருக்கு மைலுக்கு இவ்வளவு என்று சம்பளம் போடுவது வழக்கம். வீட்டை விட்டு வெளியே தங்கும் நாள்களுக்கு, அந்த மைல் காசில் ஒரு பகுதியைச் சில நிறுவனங்கள் நாள்படியாக மாற்றித் தருகின்றன. அந்தப் பகுதிக்கு வருமான வரி இல்லை. உள்நாட்டில் ஓடும் போக்குவரத்து ஊழியருக்கான சிறப்பு நாள்படி விகிதத்தை அந்நாட்டு வரித்துறை 2024ஆம் ஆண்டு அக்டோபரில் 69 டாலரிலிருந்து 80 டாலராக உயர்த்தியது. முன்பு ஓட்டுநர் தாமே சாப்பாட்டுச் செலவை வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள முடிந்தது. 2017ஆம் ஆண்டின் வரிச் சட்டத் திருத்தம், 2018 முதல் சம்பள ஊழியருக்கு அந்தச் சலுகையை நிறுத்திவிட்டது. அதன் பிறகு, நிறுவனம் தரும் நாள்படி ஒன்றுதான் சம்பள ஓட்டுநருக்கு வரி மிச்சம் தரும் வழியாக எஞ்சியது.

அங்கேயும் நாள்படி வாங்குகிறவருக்கு முதுமைக்கால ஓய்வூதியக் கணக்கில் சம்பளம் குறைவாகவே பதிவாகிறது. ஒரு கையில் வரி மிச்சம், மறு கையில் ஓய்வூதிய இழப்பு. இரண்டையும் எடைபோட்டுத்தான் அவர்கள் முடிவெடுக்கிறார்கள்.

நம் நிலை என்ன? மாதம் 3,800 வெள்ளி வாங்கும் குடும்பஸ்தர், தமக்கும் மனைவி மக்களுக்கும் உரிய கழிவுகளையும் சேமநிதிக் கழிவையும் போட்ட பிறகு கட்ட வேண்டிய வருமான வரி மிகச் சொற்பம். பலருக்கு ஒன்றுமே இராது. வரி இல்லாத இடத்தில் வரி மிச்சம் எங்கிருந்து வரும்? அமெரிக்க ஓட்டுநர் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குகிறார். நாமோ பெரியதைக் கொடுத்துவிட்டுச் சிறியதை வாங்குகிறோம்.

டிரிப் காசு மட்டும் போதுமா?

அப்படியானால் எல்லாவற்றையும் டிரிப் காசாகவே வாங்கிவிடலாமா என்று கேட்பீர்கள். அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது.

டிரிப் காசு சக்கரம் சுற்றும் நேரத்துக்குத்தான் விலை போடுகிறது. துறைமுக வாசலில் வரிசையில் நிற்கும் நேரம், சுங்கச் சோதனையில் காத்திருக்கும் நேரம், டிப்போவில் காலிக் கொள்கலனுக்குக் காத்துக்கிடக்கும் நேரம் எல்லாம் ஓட்டுநர் தலையில் விழுகின்றன. ஒரு டிரிப்புக்கு 60 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். நான்கு மணி நேரத்தில் முடிந்தால் மணிக்கு 15 வெள்ளி. வரிசை நீண்டு ஆறு மணி நேரமானால் மணிக்கு 10 வெள்ளி. லோரி ஒன்றுதான், உழைப்பும் ஒன்றுதான். ஆனால் கூலி மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது.

நம்மவர்களுக்கு இது புதிதன்று. மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது, வெட்டாவிட்டால் காசு இல்லை என்ற நிலையில்தான் தோட்டத்தில் வாழ்ந்தோம். மழைக்கும் நம் உழைப்புக்கும் சம்பந்தமில்லையே என்று கேட்டுத்தான் தோட்டத் தொழிலாளர்கள் மாதச் சம்பளத்துக்காகப் பல ஆண்டுகள் போராடினார்கள். துறைமுக வரிசை இன்றைய ஓட்டுநருக்கு அந்த மழை மாதிரி.

இழந்த நேரத்தை ஓட்டுநர் எப்படி ஈடுகட்டுவார்? இன்னொரு டிரிப் எடுப்பார். வேகத்தைக் கூட்டுவார். தூக்கத்தைக் குறைப்பார். இதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2006ஆம் ஆண்டின் ஓட்டுநர் நேர விதியில் ஒரு தடையை எழுதி வைத்தது. சாலைப் பாதுகாப்புக்கு ஊறு விளைவிக்கும் வகையில், ஓடிய தூரத்தையோ ஏற்றிய சரக்கின் அளவையோ வைத்து ஓட்டுநருக்குப் பணம் தரக்கூடாது என்பது அந்த விதி. அங்கே நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு எடுத்தாக வேண்டும்.

நம் சட்டத்திலும் வரம்பு இருக்கிறது. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல், குறைந்தது 30 நிமிட ஓய்வு இல்லாமல் வேலை வாங்கக் கூடாது. 2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வழக்கமான வேலை. ஓவர்டைமையும் சேர்த்து, ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்பது பொது விதி. மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் வாங்கும் மற்ற ஊழியர்களுக்கு ஓவர்டைம் உரிமை இல்லை. ஆனால், சரக்கு, பயணிகள் வாகனங்களை ஓட்டுகிறவர்களுக்கு அந்த 4,000 வெள்ளி வரம்பு கிடையாது. இது நம் ஓட்டுநர்களில் பலருக்குத் தெரிவதில்லை.

இன்னொன்று. முழுக்க முழுக்க டிரிப் கணக்கில் ஓடுகிறவருக்கும் குறைந்தபட்சச் சம்பளம் உண்டு. ஓட்டம் குறைந்த மாதத்திலும் அவருடைய சம்பளம் 1,700 வெள்ளிக்குக் குறையக் கூடாது. ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடங்களில் 2025ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதியிலிருந்தும், மற்ற இடங்களில் ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்தும் இது நடப்பில் உள்ளது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். உறுதியான அடிப்படைச் சம்பளம் வேண்டும். டிரிப் காசு வேண்டும், ஆனால் அது சம்பளமாக எழுதப்பட்டு, சேமநிதியும் சொக்சோவும் கட்டப்பட வேண்டும். வெளியூரில் தங்குகிற நாளுக்கு நாள்படி வேண்டும், ஆனால் அது டிரிப் காசிலிருந்து வெட்டி எடுத்ததாக இருக்கக் கூடாது. அதன்மேல் கூடுதலாகத் தருவதாக இருக்க வேண்டும். சாப்பாட்டுச் செலவுக்காகத் தரும் பணம் சாப்பாட்டுக்கே போய்விடும். அதைச் சம்பளம் என்று எண்ணி வாகனக் கடன் எடுப்பது தவறு. சம்பளத்தைச் சாப்பாட்டுக் காசு என்று எழுதுவதும் தவறு.

முதலாளிகள் தரப்பிலும் நியாயம் இருக்கலாம். சரக்குக் கட்டணத்தில் போட்டி கடுமை. ஒருவர் சட்டப்படி எல்லாவற்றுக்கும் சந்தா கட்டி, பக்கத்துக் கம்பெனி கட்டாமல் விட்டால், கட்டுகிறவருக்குத்தான் நஷ்டம். ஆகவே இதை ஓட்டுநருக்கும் முதலாளிக்கும் இடையிலான சண்டையாக மட்டும் பார்க்காமல், எல்லாக் கம்பெனிகளுக்கும் ஒரே அளவுகோலைப் பயன்படுத்துமாறு அரசாங்க இலாகாக்களிடம் கேட்க வேண்டும்.

உடனே செய்யக்கூடியவை

புதிய வேலையில் சேரும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? டிரிப் காசுக்குச் சேமநிதியும் சொக்சோவும் உண்டா? நாள்படி எந்த நாளுக்கு, எதற்காகத் தரப்படுகிறது? பதிலை வேலை ஒப்பந்தத்தில் எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு காற்றோடு போய்விடும்.

சம்பளச் சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். ஒவ்வொரு மாதச் சீட்டையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். ஓடிய டிரிப்புகளை ஒரு சின்னப் புத்தகத்தில் தேதியோடு குறித்து வையுங்கள். ஒவ்வொரு மாதச் சந்தாவையும் முதலாளி அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். கட்டினாரா, எவ்வளவு சம்பளத்துக்குக் கட்டினார் என்பதைச் சேமநிதியின் இணையக் கணக்கில் நீங்களே பார்க்கலாம். கைப்பேசியில் பார்க்கத் தெரியாவிட்டால் படிக்கிற பிள்ளையைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கணக்கில் குறை இருந்தால் முதலில் கம்பெனி அலுவலகத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் சேமநிதி வாரியத்திலும் சொக்சோவிலும் புகார் செய்யலாம். சம்பளம், ஓவர்டைம் தொடர்பான கோரிக்கையை ஆள்பல இலாகாவில் பதிவு செய்யலாம். அங்கே வழக்கறிஞர் வைத்துத்தான் பேச வேண்டும் என்பதில்லை.

ஓட்டுநரின் மனைவிமார்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டுக்காரர் மாதக் கடைசியில் எவ்வளவு கொண்டு வந்தார் என்று மட்டும் பார்க்காதீர்கள். சீட்டில் எவ்வளவு சம்பளம் என்று எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள். கையில் வரும் பணம் இந்த மாதத்தை ஓட்டும். சீட்டில் சம்பளம் என்று எழுதியிருக்கும் பணம்தான், லோரி ஓடாத காலத்திலும் குடும்பத்தைத் தாங்கும்.